தோலில் ஒட்டும் சென்சாரும் அதைப் படிக்கும் ஏஐயும்: அல்சூரில் கேட்ட கேள்விகள்

உடலில் அணியும் சென்சார்களைச் சோதிப்பது என் வேலை. 11 வருடமாகப் பெங்களூரில் இதைச் செய்துவருகிறேன், குடியிருப்பது அல்சூரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போனால், திருவள்ளுவர் சிலைக்குக் கிட்டே யாராவது கையை நீட்டி, "தம்பி, இந்த வாட்ச் சொல்றதெல்லாம் நம்பலாமா?" என்று நிறுத்திவிடுவார்கள். மார்பில் பட்டை ஒட்டிக்கொண்டு வரும் சிவாஜிநகர்ப் பெரியவர், மகனுக்குச் சுகர் சென்சார் வைத்திருக்கும் மர்பி டவுன் அம்மா, கடைசி வருடம் இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் பொறியாளன், டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ இந்தப் பக்கத்தை வைத்துச் செய்ய வேண்டாம்.

வளையும் சென்சார் என்றால் என்ன? வாட்சில் இருப்பதும் அதுதானா?

இல்லை. வாட்சில் இருப்பது கெட்டியான சென்சார். கண்ணாடியும் உலோகமும் தோலின் மேல் உட்கார்ந்திருக்கும். கை அசைந்தால் நகரும், நடுவில் இடைவெளி விழும். வளையும் சென்சார் தோலோடு சேர்ந்து நீளும், மடியும். முழங்கையை மடக்கிப் பாருங்கள். அந்த இடத்தில் தோல் 30 சதவீதம் வரைகூட நீள்கிறது. சாதாரண சர்க்யூட் பலகையை அப்படி இழுத்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

இதைச் சாதிக்க இரண்டு வழிகள். ஒன்று, மெல்லியதாக்குவது. சிலிக்கான் தகட்டை வளைத்தால் அப்பளம் மாதிரி உடையும். அதையே தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவிவிட்டால் காகிதம் மாதிரி வளையும். ஒரு பொருளை வளைக்கும்போது அதன் மேற்பரப்பு எவ்வளவு இழுபடும் என்பது தடிமனைப் பொறுத்தது. தடிமன் ஆயிரத்தில் ஒரு பங்கானால் இழுபடுவதும் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டாவது வழி, கம்பியை நேராகப் போடாமல் நெளிநெளியாகப் போடுவது. புடவைக் கொசுவம் மாதிரிதான்: இழுத்தால் விரியும், விட்டால் சேர்ந்துகொள்ளும்.

இந்த இரண்டையும் சேர்த்து, குழந்தைகள் கையில் ஒட்டிக்கொள்ளும் டாட்டூ ஸ்டிக்கர் மாதிரி ஒரு சென்சாரை 2011-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு செய்துகாட்டியது. எனக்கு அதைவிடப் பிடித்தது, 2017-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகாவோ சொமேயா குழு செய்த தங்க இழை வலை. தோலில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் தாங்கும் இழை கரைந்துபோய்த் தங்க வலை மட்டும் தோலில் நிற்கும். வலை என்பதால் காற்று புகும், வியர்வை ஆவியாகும். ஏப்ரல் மாதத்தில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றவருக்கு, தோல் மூச்சுவிட வேண்டியதன் அருமை தெரியும்.

இதயத் துடிப்பைப் பதிவுசெய்ய ஆஸ்பத்திரியில் இன்று நமக்கு ஒட்டும் ஈசிஜி பட்டை அவ்வளவு மெல்லியது இல்லை. நுரைப் பட்டை, ஜெல், தோலிலிருந்து மின்சாரத்தை வாங்கும் வெள்ளி குளோரைடு பூசிய முனை (எலக்ட்ரோடு), நடுவில் பொத்தான் அளவில் ஒரு மின்னணுப் பகுதி. ஆய்வகத்தில் சாத்தியமானதற்கும் மருந்துக் கடையில் கிடைப்பதற்கும் நடுவே இன்னும் தூரம் இருக்கிறது.

ஈசிஜியை டாக்டரே பார்த்துவிடலாமே, ஏஐ எதற்கு?

ஒரு கணக்கு போடுவோம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,00,800. பட்டையை 14 நாள் ஒட்டினால் 14 லட்சம் துடிப்புகள். வினாடிக்கு 250 அளவுகள் எடுத்தால் ஒரு நாளைக்கு 2 கோடியே 16 லட்சம் எண்கள். இதை உட்கார்ந்து பார்க்க எந்த டாக்டருக்கும் ஆயுள் போதாது. 14 லட்சத்தில் எந்த 200 துடிப்புகளை டாக்டர் பார்க்க வேண்டும் என்று பொறுக்கித் தருவதுதான் ஏஐயின் வேலை. அரிசியில் கல் பொறுக்குவது போல என்று அம்மாவிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

இந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. 53,549 பேரிடம் எடுத்த 91,232 ஒற்றைத்தட (இதயத்தை ஒரே கோணத்திலிருந்து பார்க்கும்) ஈசிஜி பதிவுகளை வைத்துப் பழக்கிய ஒரு நரம்பு வலைப்பின்னல், அதாவது ஒரு வகை ஏஐ, இதயத் துடிப்பு வகைகள் 12-ஐப் பிரித்தறிவதில் இதய மருத்துவர்களுக்குச் சமமாக நின்றது என்று 2019-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஆய்வு வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அட்டையில் 'ஏஐ' என்று போட்டிருக்கும் கருவிகளின் உள்ளேயும், துடிப்பை எண்ணும் வேலையை 1985-இல் பான், டாம்ப்கின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கணக்கு முறையோ அதன் பேரப்பிள்ளையோ செய்துகொண்டிருக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. சின்ன பேட்டரியில் ஓடும், எங்கே தப்பும் என்று எங்களுக்குத் தெரியும்.

அப்படியென்றால் ரிப்போர்ட்டில் வருவதை அப்படியே நம்பலாமா?

இந்தக் கேள்விக்கு என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 68 வயது. அடிக்கடி படபடப்பு என்று சொன்னதால் டாக்டர் 14 நாள் பட்டை ஒட்டச் சொன்னார். இடது பக்க மார்பில் தோலைத் துடைத்து, லேசாகத் தேய்த்து, பட்டையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து ஒட்டினார்கள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காத அம்மாவை நான் பார்த்ததே இல்லை. "பட்டை மேல படாம பாத்துக்கறேன்டா" என்றார். பட்டைமேல் படவில்லை, ஓரத்தில் கசிந்தது. சாயங்காலம் பார்த்தால் மேல் மூலை எழும்பி, நகத்தளவுக்கு மடிந்து நின்றது. ஆபீஸில் இதையே நாள் முழுக்கப் பார்ப்பவன், வீட்டில் கவனிக்கத் தவறிவிட்டேன்.

ரிப்போர்ட்டில் 11 இடத்தில் அபாயக் குறி. அதில் ஒன்று வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (இதயத்தின் கீழறை கட்டுமீறி வேகமாகத் துடிப்பது), நிமிடத்துக்கு 180 என்று சிவப்பில். அது நிஜமாக இருந்தால் அன்றே அட்மிட் செய்ய வேண்டிய விஷயம். மூல அலைக்கோட்டை, அதாவது பட்டை பதிவுசெய்த ஈசிஜி கோட்டை அப்படியே தாருங்கள் என்று கேட்டேன். பட்டையைக் கொடுத்த இடத்தில் முதலில் தரமாட்டோம் என்றார்கள். சுருக்கம் மட்டும்தான் நோயாளிக்காம். டாக்டர் போன் செய்து கேட்ட பிறகு வந்தது.

அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சனிக்கிழமை காலை 7.20. வினாடிக்கு மூன்று என்ற வேகத்தில் உயரமான கூர்முனைகள். அவற்றின் நடுவே சின்னச் சின்னதாக, சந்தைக் கூட்டத்தில் கையை விடாமல் நடக்கும் குழந்தை மாதிரி, வேறொரு வரிசை தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன்: நிமிடத்துக்கு 82. அதுதான் அம்மாவின் இதயம். உயரமானது வேறு எதுவோ.

"சனிக்கிழமை காலைல ஏழரை மணி வாக்குல என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

"சட்னிக்குத் தேங்கா துருவிட்டிருந்தேன். ஏன்?"

இதயத்தின் மின்சாரம் தோலுக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய 1 மில்லிவோல்ட்தான். எழும்பி நிற்கும் பட்டை ஒவ்வொரு துருவலுக்கும் உரசினால் அதைவிடப் பெரிய அலை உண்டாகும். தோள் தசையின் மின்சாரமும் கூடவே வரும். ஏஐக்கு இது எதுவும் தெரியாது. வந்த கோட்டை மட்டும் அது படித்தது. அமெரிக்காவில் சேர்த்த பதிவுகளில் பழகிய அது, அரிவாள்மனையில் தேங்காய் துருவும் பெண்ணின் ஈசிஜியைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

11-இல் 9 இப்படிப் போயின. மீதி இரண்டும் விடியற்காலை 3.40-ஐ ஒட்டி வந்தவை. பட்டைக்குள் இருக்கும் அசைவு சென்சாரின் கோடு நேராகக் கிடந்தது. அம்மா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வர வேண்டிய சின்ன 'பி' அலை காணோம். டாக்டர் பார்த்தவுடனே சொன்னார்: ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலை. ரத்தம் அங்கே தேங்கிக் கட்டி, பக்கவாதம் வரும் வாய்ப்பை ஐந்து மடங்கு கூட்டக்கூடியது. ரத்தக்கட்டு தடுக்கும் மருந்து அன்றே ஆரம்பித்தார்.

ஒரே கருவி, ஒரே ரிப்போர்ட். ஒன்பது இடத்தில் தப்பு, இரண்டு இடத்தில் சாதாரண ஈசிஜி எளிதில் பிடித்திருக்க முடியாததைப் பிடித்தது. ஆகவே ரிப்போர்ட் கையில் வந்தால் "ஏஐ என்ன சொல்கிறது" என்பதோடு நிற்காதீர்கள். "அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், பட்டை எப்படி ஒட்டியிருந்தது" என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பட்டை ஒட்டியிருக்கும் நாட்களில் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதிவையுங்கள்: மாவு பிசைந்தது, மாடி ஏறியது, படபடப்பு வந்தது, எல்லாமே.

வாட்ச் 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று எச்சரித்தது. தூக்கமே வரவில்லை. என்ன செய்ய?

டாக்டரைப் பாருங்கள், ஆனால் நோய் வந்துவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். காரணத்தை எண்களிலேயே பார்க்கலாம்.

1,000 பேரில் 10 பேருக்கு ஒரு கோளாறு இருக்கிறது, கருவி நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கோளாறு உள்ள 10 பேரில் 9 அல்லது 10 பேரைப் பிடித்துவிடும். மீதி 990 பேர் நலமானவர்கள். அவர்களில் நூற்றுக்கு 5 தப்பு என்றால் சுமார் 50 பேருக்கு வீணாக மணி அடிக்கும். ஆக, எச்சரிக்கை வந்த 60 பேரில் 50 பேருக்கு ஒன்றும் இல்லை. கருவி மோசம் என்று பொருள் இல்லை. நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் எந்தக் கருவிக்கும் இதே கதிதான். 25 வயது ஐடி பையன்கள் கையில் அது இன்னும் அதிகமாகத் தப்பும்.

ஆப்பிள் வாட்சை வைத்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு மட்டுமே. அவர்களுக்கு ஈசிஜி பட்டை அனுப்பி, அதை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்தபோது 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் தெரிந்தது. மற்றவர்களுக்கு எச்சரிக்கை பொய் என்றும் சொல்லிவிட முடியாது. இந்தக் கோளாறு வரும், போகும். பட்டை ஒட்டிய வாரத்தில் அது வராமல் இருந்திருக்கலாம்.

நெஞ்சு வலி. ஆனால் வாட்ச் ஈசிஜி 'நார்மல்' என்கிறது.

வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாட்சும் ஒற்றைப் பட்டையும் துடிப்பின் தாளத்தைப் பார்க்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் கருவிகள் அல்ல அவை. அதற்கு இதயத்தை 12 கோணங்களிலிருந்து பார்க்கும் 12 தட ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் நான் காட்டுவது இதைத்தான்.

நம்மைப் போல கறுத்த தோலில் வாட்ச் தப்பாகக் காட்டும் என்கிறார்களே?

அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு ரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்துத்தான் நாடியை எண்ணுகிறார்கள். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். அதனால் திரும்பி வரும் ஒளி குறையும். கை அசையும்போது தப்பு கூடும். பச்சை குத்திய இடத்திலும் இதே சிக்கல்.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் சிவப்பையும் அகச்சிவப்பையும் பயன்படுத்துகிறது. அதிலும் பிரச்சினை இருப்பது 2020-இல் அமெரிக்க நோயாளிகளிடம் செய்த ஆய்வில் வெளிப்பட்டது. மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் தடவை ஆக்ஸிஜன் அபாயகரமாகக் குறைந்திருந்தது, வெள்ளையரில் 3.6 சதவீதம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அந்த மீட்டரை நம்பிப் படுத்திருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

ஈசிஜி பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது மின்சாரத்தை அளக்கிறது. நிறம் அதற்குப் பொருட்டில்லை. ஒளியை வைத்து அளக்கும் எதை வாங்கினாலும், எந்தெந்தத் தோல் நிறங்களில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

கையில் ஒட்டும் சுகர் சென்சார் ரத்தத்தைத்தான் அளக்கிறதா?

இல்லை. தோலுக்கு அடியில் போகும் மெல்லிய, வளையும் இழை, செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸை அளக்கிறது. இழையில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் பூசப்பட்டிருக்கும். அது சர்க்கரையோடு வினைபுரியும்போது உண்டாகும் சின்ன மின்சாரம்தான் எண்ணாக மாறுகிறது. 1962-இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டிய யோசனை இது. 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-இல் சொன்ன நாட்டில், விரலைக் குத்தாமல் இரவும் பகலும் அளப்பது சாதாரண உதவி இல்லை.

ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அந்தத் திரவத்துக்கு வந்துசேர 5 முதல் 15 நிமிடம் ஆகும். அதனால் சாப்பிட்டவுடன் சென்சார் பின்தங்கும். சர்க்கரை வேகமாக இறங்கும்போதும் அப்படித்தான். கை கால் நடுங்கி, வியர்த்து, சென்சார் மட்டும் 'நார்மல்' என்றால் விரலில் குத்திப் பாருங்கள், உடம்பு சொல்வதை நம்புங்கள்.

மர்பி டவுன் அம்மாவின் மகனுக்கு ராத்திரி 2 மணிக்கெல்லாம் 'லோ' அலாரம் அடித்து, வீடே எழுந்து குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. விரலில் பார்த்தால் 110. பையன் சென்சார் ஒட்டிய கைப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவன். அழுத்தத்தில் அந்த இடத்துத் திரவ ஓட்டம் குறைந்து, எண் பொய்யாக இறங்குகிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டு அடுத்த சென்சாரை மற்றக் கையில் ஒட்டினார்கள். அதன் பிறகு அந்தப் பொய் அலாரம் வரவில்லை. பத்து ரூபாய் செலவில்லாத தீர்வு.

ஏஐ இங்கே செய்வது முன்கூட்டிச் சொல்வது: இன்னும் 20, 30 நிமிடத்தில் சர்க்கரை தாழப்போகிறது என்று. இன்சுலின் பம்போடு சேர்ந்தால் அளவைத் தானே சரிசெய்யவும் செய்யும். அப்படிப்பட்ட முதல் கருவிக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது.

குத்தவே வேண்டாம், மோதிரமும் வாட்சும் சுகரைக் காட்டும் என்று விளம்பரம் வருகிறதே?

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் வாட்சுக்கோ மோதிரத்துக்கோ தாங்கள் அனுமதி கொடுத்ததே இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. (ஒட்டிய சென்சாரின் எண்ணை வாட்சில் காட்டுவது வேறு. அது சரி.)

களி சாப்பிட்டால் எனக்கு ஏறுகிறது, என் வீட்டுக்காரருக்கு ஏறுவதில்லை. சென்சார் கெட்டுப்போச்சா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் 800 பேருக்குச் சென்சார் ஒட்டி, 46,898 வேளைச் சாப்பாட்டுக்குச் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று பார்த்தார்கள். ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் ஏற்றம் மாறியது. அந்தத் தரவில் பழக்கிய கணினி, புதிய ஆளுக்கு எந்த உணவு எப்படி ஏற்றும் என்று ஓரளவு சரியாகச் சொன்னது. 2015-இல் வந்த ஆய்வு.

அவர்கள் தட்டில் இருந்தது அவர்கள் ஊர்ச் சாப்பாடு. ராகிக் களியும் கீரைக் குழம்பும், பழைய சோறும் மோரும், பிஸிபேளே பாத்தும் இதே அக்கறையோடு ஆயிரக்கணக்கானவர்களிடம் அளக்கப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரைக்கும் உங்கள் அளவை உங்கள் சென்சாரே சொல்லும். இரண்டு வாரம் ஒட்டி, தட்டில் இருந்ததை நேரம் போட்டு எழுதிவைத்தால், ஆப் தரும் அறிவுரையைவிட அந்த நோட்டு உங்கள் டாக்டருக்கு உதவும்.

வியர்வையை வைத்து அளக்க முடியாதா?

ஆய்வகத்தில் முடிகிறது. 2016-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம் நான்கையும் வியர்வையில் ஒரே நேரத்தில் அளக்கும் வளையும் பட்டை செய்தார்கள். ஆனால் வியர்வைக் குளுக்கோஸ் மிகக் குறைவு. வியர்க்கும் வேகத்துக்கு ஏற்ப மாறவும் செய்யும். வெயிலில் வேலை செய்பவர்களின் உடலில் உப்பும் நீரும் எவ்வளவு போகின்றன என்று அறிய இது நல்ல வழி. சர்க்கரைக்கு இப்போதைக்கு இல்லை.

பட்டை ஒட்டிய இடத்தில் அரிக்கிறது, கொப்புளம் போடுகிறது.

பெரும்பாலும் பசை. சில சுகர் சென்சார்களில் இருந்த ஐசோபார்னைல் அக்ரிலேட் என்ற பொருள் ஒவ்வாமை தருவதை 2017-இல் கண்டுபிடித்தார்கள். சிவந்தால் அடுத்த தடவை இடத்தை மாற்றுங்கள். கொப்புளம், நீர் கசிவு, காய்ச்சல் என்றால் கழற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள். ஒட்டும் முன் அந்த இடத்தில் எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் கூடாது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு பட்டையைத் தோலோடு ஒட்டினாற்போல் மெல்ல மடக்கி எடுங்கள். ஒட்டும்போது எதிரியான எண்ணெய் கழற்றும்போது நண்பன்.

பேஸ்மேக்கர் இருக்கிறது. ஒட்டலாமா?

ஈசிஜி பட்டை உடம்பின் மின்சாரத்தைக் கேட்கும். உள்ளே எதையும் செலுத்தாது. உடல் கொழுப்பு அளக்கும் தராசும் வாட்சும் சிறிய மின்சாரத்தைச் செலுத்துபவை. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். எதுவானாலும் பேஸ்மேக்கர் வைத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் ஒட்டியிருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

புளூடூத் கதிர்வீச்சு ஆபத்தா?

பட்டை அனுப்பும் சக்தி மில்லிவாட் கணக்கில். நாம் காதில் வைத்துப் பேசும் போன் அதைவிடப் பல மடங்கு. இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

என் இதயத்துடிப்பு யாரிடம் போகிறது? கம்பெனியில் கட்டச் சொன்னால் கட்ட வேண்டுமா?

பட்டையிலிருந்து போனுக்கு, போனிலிருந்து கம்பெனியின் சர்வருக்கு. சில கருவிகளில் கணக்கு பட்டைக்குள்ளேயே நடக்கும். ரேடியோவில் எல்லாவற்றையும் அனுப்பினால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் வந்த ஏற்பாடு. ஆனால் அதில் ரகசியமும் காக்கப்படுகிறது. மூலத் தரவு வெளியே போகாத கருவி கிடைத்தால் நான் அதையே வாங்குவேன்.

சட்டப்படி, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குச் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும், தரவை அழிக்கச் சொல்லும் உரிமையும் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

வேலையிடத்துக் கேள்வியை என்னிடம் கேட்டது ஒரு கார்மெண்ட்ஸ் தொழிலாளி. "லைன்ல எல்லாருக்கும் பேண்ட் தருவாங்களாம், உடம்பு நல்லா இருக்கான்னு பாக்கவாம்ண்ணா" என்றார். கம்பெனியில் கேட்கச் சொல்லி நான் அவரிடம் கொடுத்த கேள்விகளை இங்கேயும் தருகிறேன். எதை அளக்கிறீர்கள்? பாத்ரூம் போய்வரும் நேரமும் பதிவாகுமா? சூப்பர்வைசர் பார்ப்பாரா, டாக்டர் மட்டுமா? கட்டாவிட்டால் சம்பளத்தில் கை வைப்பீர்களா? வேலையை விட்டால் என் தரவு என்னவாகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சூட்டில் மயங்கி விழுபவரைக் காப்பாற்றும் அதே பேண்ட், மூச்சுவாங்க இரண்டு நிமிடம் நின்றவரைச் சோம்பேறி என்றும் காட்டிக்கொடுக்கக்கூடும். யார் கையில் எண் போகிறது என்பதில்தான் வித்தியாசம். தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால் நான்கு பேராகப் போய்க் கேளுங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும், நோயைக் கண்டறியும் மென்பொருள் உட்பட, மருந்துகளைப் போலவே சட்டத்துக்குள் வந்துவிட்டன. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'நலவாழ்வுக்கு மட்டும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற மாதிரி இருந்தால், அது நடையை எண்ணத்தான். நோயைப் பார்க்க அல்ல. மூல அலைக்கோட்டை நோயாளிக்குத் தருவீர்களா என்பதையும் காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உடம்பில் எதுவும் ஒட்டாமல் அளக்க வழி உண்டா? அப்பா எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிடுகிறார்.

உண்டு. இதயம் ஒவ்வொரு தடவை ரத்தத்தைத் தள்ளும்போதும் உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. மெத்தைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய தகடு அந்த அதிர்வைப் பிடித்து, துடிப்பையும் மூச்சையும் பிரித்துச் சொல்லும். 2015-இல் பெங்களூரில் தொடங்கிய டோஸீ என்ற நிறுவனம் இந்த முறையில்தான் கருவி செய்கிறது. மறதி நோயில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒட்டுவதைவிட இதுவே நிம்மதி. படுக்கையை விட்டு எழுந்தால் அளவு கிடைக்காது, அவ்வளவுதான்.

அண்ணா, இந்தத் துறையில் படிக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

இன்றிரவே ஆரம்பிக்கலாம். பிசியோநெட் தளத்தில் எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி தொகுப்பு இலவசம். 1975 முதல் 1979 வரை பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் 47 பேரிடம் எடுத்த, அரைமணி நேரப் பதிவுகள் 48. துடிப்பைக் கண்டுபிடிக்கும் நிரலை நீயே எழுது. ஏஐ நூலகத்தை அதற்குப் பிறகு தொடு. எழுதி முடித்தபின் யோசித்துப் பார்: உலகம் முழுக்க மாணவர்கள் பழகுவது இந்த 47 பேரின் இதயத்தில். உன் பாட்டியின் இதயம் அதில் இல்லை. அதைச் சேர்ப்பது உன் தலைமுறை செய்ய வேண்டிய வேலை.

வேதியியலை விட்டுவிடாதே. நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு மேல் பசையிலும் வியர்வையிலும் நடந்தவை. ஊரில் வசதிக்கும் குறைவில்லை: எல்லோரும் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் மையத்தில், சென்சார்களை அடியிலிருந்து செய்யும் தூசியற்ற ஆய்வறைகள் இருக்கின்றன. பொது மக்களுக்குக் கழகம் கதவைத் திறக்கும் நாளில் போய்ப் பார்.

பழைய பட்டையையும் சுகர் சென்சாரையும் குப்பையில் போடலாமா?

அப்படியே போடாதீர்கள். சுகர் சென்சாரை ஒட்ட உதவும் கருவிக்குள் ஊசி இருக்கிறது, ரத்தம் பட்டது. காலையில் குப்பை வண்டியோடு வரும் அம்மா வெறுங்கையால்தான் பையைப் பிரிக்கிறார். ஊசிப் பகுதியைக் கெட்டியான மூடியுள்ள டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஒட்டும் பட்டையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுங்கள். இரண்டையும் ஈரக் குப்பையிலும் உலர் குப்பையிலும் சேர்க்காமல் தனியாக, கையில் கொடுத்து, "ஊசி இருக்குதும்மா, பாத்து" என்று சொல்லுங்கள். ஈசிஜி பட்டையின் நடுவில் இருக்கும் மின்னணுப் பகுதியைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியே திருப்பி வாங்கிக்கொள்ளும். அதற்குள்தான் உங்கள் 14 நாள் துடிப்பும் இருக்கிறது.